டிராம் மாதிரிகளுக்கு ஒளிரும் பாகங்கள் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராயபுரத்தில் என் வீட்டு மாடியிலுள்ள சிறிய அறையே என் பட்டறை. டிராம் மாதிரிகளுக்கு வேண்டிய முகப்பு விளக்கு, உள்விளக்கு, ஊர்ப்பெயர்ப் பலகை போன்ற ஒளிரும் பாகங்களை அங்கே செய்துவருகிறேன். இந்த வேலையில் இறங்க விரும்புவோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கேள்வி: சென்னையில் டிராம் நின்றுபோய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அதற்கு மாதிரி செய்வதும், அதில் விளக்கு எரியவைப்பதும் எதற்காக?

இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது நம் நகரில்தான். 1895 மே 7 அன்று தொடங்கிய அந்தச் சேவை, 1921இல் 24 கிலோமீட்டர் தண்டவாளமும் 97 வண்டிகளும் கொண்டதாக வளர்ந்து, 1953 ஏப்ரல் 12 அன்று நிறுத்தப்பட்டது. சிறுவயதில் அதில் ஏறிச் சென்றவர்கள் இன்று எண்பதை எட்டியோ கடந்தோ இருப்பார்கள். மற்றவர்களாகிய நாம் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் அவ்வண்டிகளைப் பார்க்கிறோம். நான் சேர்த்துவைத்திருக்கும் படங்கள் எல்லாமே பகலில் எடுத்தவை. பாரிஸ் முனையிலிருந்து வடக்கே திரும்பும் கடைசி வண்டி, தெருவிளக்கு குறைவான அந்தக் காலத்து இருட்டில் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை ஒரு படமும் எனக்குக் காட்டவில்லை. அதைக் கண்ணால் காண வேண்டும் என்றால் செய்துதான் பார்க்க வேண்டும். இதற்காகவே நான் விளக்குகளில் இவ்வளவு நேரம் செலவிடுகிறேன்.

கேள்வி: எந்த அளவில் தொடங்குவது நல்லது?

விளக்குப் பாகங்களைப் பொறுத்தவரை பெரிய அளவே எளிது. அசல் வண்டியில் 22 செ.மீ. விட்டமுள்ள முகப்பு விளக்கு 1:43.5 என்னும் ஓ அளவில் 5 மி.மீ. ஆகும், 1:76 என்னும் டபுள் ஓ அளவில் 2.9 மி.மீ., 1:87 என்னும் எச்.ஓ. அளவில் 2.5 மி.மீ. மட்டுமே. ஐந்து மில்லிமீட்டரில் விளிம்பு, குழிவு, கண்ணாடி மூன்றையும் தனித்தனியாகச் செய்து பொருத்தலாம். இரண்டரை மில்லிமீட்டரில் மூன்றையும் ஒரே துண்டாக நினைத்துச் செய்ய வேண்டியிருக்கும். கண்பார்வையும் கைநடுக்கமும் எந்த நிலையில் உள்ளன என்று நேர்மையாகப் பார்த்துவிட்டு அளவைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: விளக்கின் நிறமும் பிரகாசமும் எப்படி இருக்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். கடையில் எல்.இ.டி. என்று கேட்டால் நீலம் கலந்த வெள்ளையைத் தருவார்கள். அதை 1930ஆம் ஆண்டு வண்டிக்குள் வைத்தால், வண்டி கைப்பேசிக் கடை போல ஆகிவிடும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பழைய கார்பன் இழை பல்பு ஏறத்தாழ 2,000 கெல்வின் நிறத்தில், அதாவது அகல்விளக்குச் சுடருக்கு அருகில், எரிந்தது. அதன்பின் வந்த டங்ஸ்டன் இழை பல்பு 2,400 முதல் 2,700 கெல்வின் வரை. இன்று கிடைக்கும் மஞ்சள் சாயலுள்ள ‘வார்ம் ஒயிட்’ எல்.இ.டி. 2,700 முதல் 3,000 கெல்வின் என்பதால், டங்ஸ்டன் காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். அதற்கு முந்தைய காலத்துக்கு, ஒளி ஊடுருவும் ஆரஞ்சு வர்ணத்தை அதன்மேல் மெல்லிய ஒரு பூச்சாகக் கொடுக்க வேண்டும். கண்ணாடியில் ஓவியம் வரைவதற்கு விற்கும் வர்ணமே இதற்குப் போதும்.

பிரகாசத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டிராம் ஓடியது 500 முதல் 600 வோல்ட் வரையிலான நேர்மின்சாரத்தில். அந்த மின்னழுத்தத்துக்குத் தனி பல்பு செய்யாமல், 110 அல்லது 120 வோல்ட் பல்புகள் ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைப்பதே டிராம் உலகில் பரவலாக இருந்த வழக்கம். அந்தத் தொடரில் ஒரு பல்பு போனால் வரிசை முழுவதும் அணைந்துவிடும். வண்டி கிளம்பும்போது மோட்டார் மின்சாரத்தை இழுப்பதால் விளக்குகள் சற்று மங்கும். மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைத் தடி, அக்கம்பியைவிட்டு நழுவினால் வண்டியே இருண்டுவிடும். ஆகவே உங்கள் மாதிரி மங்கலாகத் தெரிவதைக் குறை என்று நினைக்காதீர்கள். அறை விளக்கு எரியும்போது மாதிரியின் உள்விளக்கு எரிகிறதா இல்லையா என்று ஐயம் வர வேண்டும்; அறை விளக்கை அணைத்ததும் இருக்கைகளின் முதுகு தெரிய வேண்டும். அதுவே சரியான அளவு.

கேள்வி: ரெசிஸ்டர் கணக்கை எளிதாகச் சொல்ல முடியுமா?

எல்.இ.டி.க்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகமே ரெசிஸ்டர். மாதிரியின் தண்டவாளத்தில் 12 வோல்ட் வருவதாக வைத்துக்கொள்வோம். வண்டி முன்னும் பின்னும் ஓடும்போது மின்முனைகள் மாறுவதால், மின்சாரத்தை எப்போதும் ஒரே திசையில் அனுப்பும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று தேவை. அது ஏறத்தாழ 1.4 வோல்ட்டைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். வெள்ளை எல்.இ.டி. 3 வோல்ட் எடுக்கும். மீதம் 7.6 வோல்ட். நமக்கு 2 மில்லி ஆம்பியர் போதும் என்றால், 7.6ஐ 0.002ஆல் வகுக்க 3,800 ஓம். கடையில் கிடைப்பது 3.9 கிலோ ஓம். சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட் மட்டுமே எடுப்பதால், அதற்கு 4.7 கிலோ ஓம் வைத்தால் மின்னோட்டம் சற்றே குறைந்து, பின்விளக்கு முகப்பை மிஞ்சாமல் நிற்கும். இன்றைய எல்.இ.டி.கள் அரை மில்லி ஆம்பியரிலேயே கண்ணுக்குத் தெரியும்படி எரிவதால், பத்துக் கிலோ ஓம் வைத்துப் பார்க்கவும் தயங்க வேண்டாம். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள்; பல எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில் வைத்து ஒரே ரெசிஸ்டரைப் பொதுவாகப் போட்டால் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும் எரியும்.

கேள்வி: முகப்பு விளக்கை எப்படிச் செய்கிறீர்கள்?

ஓ அளவுக்கு நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். வெளிவிட்டம் 5 மி.மீ. உள்ள பித்தளைக் குழாயிலிருந்து 4 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை அறுத்தெடுக்க வேண்டும். இதற்கு நகை வேலைக்குரிய மெல்லிய இழைவாளே ஏற்றது. அதன் பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்கும்படி மாட்டி, கீழே இழுக்கும்போது மட்டும் அறுக்க வேண்டும் என்பதையும், இழையில் மெழுகு தடவினால் அது அறுந்துபோகாது என்பதையும் எங்கள் தெருவில் நகை வேலை செய்த பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டிக்கொடுத்தார். அதற்குமுன் ஒரு மாலைக்குள் ஒரு டஜன் இழைகளை உடைத்துத் தீர்த்தவன் நான்.

அறுத்த துண்டின் விளிம்பை உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தியபின், உள்ளே குழிவான பிரதிபலிப்பான் வேண்டும். 4 மி.மீ. பித்தளைக் கம்பியின் முனையில் உருண்டைத் தலையுள்ள துளைக்கருவியால் ஆழமற்ற குழி எடுத்து, நடுவில் 1 மி.மீ. துளையிட்டு, குழியைப் பித்தளைப் பாலிஷால் மினுக்கினால் அசல் விளக்கின் உட்புறம் போலவே அமையும். அதை வட்டாக அறுத்துக் குழாய்க்குள் தள்ளி, துளைக்குப் பின்னால் 0603 அளவு எல்.இ.டி.யை வைக்கிறேன். அந்த எல்.இ.டி. 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் கொண்டது. அதன் முதுகில் உள்ள உலோக முனைகள் பித்தளையில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், இடையில் ஒரு சுற்று மெல்லிய பிளாஸ்டிக் தகடு அவசியம்.

கண்ணாடிக்கு இரண்டு வழிகள் உண்டு. புறஊதா ஒளியில் இறுகும் தெளிந்த ரெசினை ஒரு துளி விட்டால் அது தானே குவிந்து வில்லை போல நிற்கும். அல்லது அக்ரிலிக் கம்பியின் முனையை 400, 800, 1200, 2000 எண் தாள்களில் வரிசையாகத் தேய்த்து மினுக்கி, மெல்லிய வட்டாக அறுத்துப் பொருத்தலாம். நேரம் பிடித்தாலும் இரண்டாவதையே நான் விரும்புகிறேன். ரெசின் துளி சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடுகிறது. எந்த வழியானாலும் சயனோ பசையை, அதாவது நொடியில் ஒட்டும் பசையை, கண்ணாடிப் பாகத்தின் அருகில் கொண்டுசெல்லாதீர்கள். அதன் ஆவி வெண்படலமாகப் படிந்து முழு உழைப்பையும் கெடுத்துவிடும்.

சிறிய அளவு வண்டிகளுக்கு இவ்வளவு தேவையில்லை. சாதாரண 3 மி.மீ. எல்.இ.டி.யின் உருண்டைத் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கி, உள்ளேயுள்ள நுண்கம்பியைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, மினுக்கினால் போதும்.

கேள்வி: விளக்கு எரிகிறது, ஆனால் வண்டியின் உடலே விளக்கு போல ஒளிர்கிறதே?

ஒளியை உண்டாக்குவது அரை மணி நேர வேலை. வேண்டாத இடத்தில் அது வெளியே வராமல் தடுப்பது இரண்டு நாள் வேலை. ரெசினில் அச்சிட்ட உடலாக இருந்தாலும், பிளாஸ்டிக் தகட்டில் கட்டிய உடலாக இருந்தாலும், ஒரு மில்லிமீட்டர் சுவர் ஒளியை நிறுத்தாது. உட்புறத்தில் முதலில் கறுப்பு வர்ணம் இரண்டு பூச்சு கொடுத்து, நன்றாக உலர்ந்தபின் அதன்மேல் வெள்ளையோ, பயணிகள் அமரும் கூடத்துக்குரிய நிறமோ பூசுங்கள். வரிசையை மாற்றிப் பூசினால் உட்புறம் இருண்டுவிடும். கூரையும் சுவரும் சேரும் கோட்டில் தலைமுடியளவு இடைவெளி இருந்தாலும் இருட்டில் அது வெள்ளிக்கோடாகத் தெரியும். அந்த விளிம்பில் உட்பக்கமாக ஒரு சிறிய படி அமைத்து, கூரை அதன்மேல் உட்காரும்படி செய்வதே நிலையான தீர்வு. அவசரத்துக்குக் கறுப்புத் துணிநாடாவை ஒட்டலாம். சமையலறை அலுமினியத் தாளை ஒட்டும் வழக்கமும் இருக்கிறது. ஒளியை அது நன்றாகத் தடுக்கும், ஆனால் மின்சாரத்தையும் கடத்தும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஊர்ப்பெயர்ப் பலகையின் எழுத்துகள் மட்டும் ஒளிர என்ன செய்ய வேண்டும்?

கறுப்புப் பின்னணியில் எழுத்துப் பகுதியை மட்டும் வெறுமையாக விட்டு, ஒளிபுகும் ஃபிலிம் தாளில் லேசர் பிரிண்டரில் அச்சிட வேண்டும். ஓர் அச்சின் கறுப்பு போதாது. பின்னாலிருந்து ஒளி பட்டதும் அது சாம்பல் நிறமாகி, ஊசித் துளைகளாகவும் தெரியும். ஒரே அச்சை இரண்டு பிரதிகள் எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் வைத்து ஒட்டினால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். அதற்குப் பின்னால் டிரேசிங் பேப்பர் ஒரு துண்டு. அதற்கும் பின்னால் 2 மி.மீ. அக்ரிலிக் தகடு. அத்தகட்டின் முதுகில் வெள்ளை பூசி, ஓரத்திலிருந்து எல்.இ.டி.யைக் காட்டினால் ஒளி முழுப் பலகைக்கும் பரவும். நேர் பின்னால் எல்.இ.டி.யை வைத்தால் நடு எழுத்து மட்டும் எரிந்து ஓர எழுத்துகள் மங்கிப்போகும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். ‘வண்ணாரப்பேட்டை’ என்னும் பெயரில் உள்ள ‘ண்ணா’, ‘ட்டை’ ஆகியவற்றின் உள்வளைவுகள் 2 மி.மீ. உயரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து குழம்பிவிடும். தடித்த எழுத்துருவைத் தவிர்த்து, மெல்லிய கோடுள்ள எழுத்துருவைத் தேர்ந்து, எழுத்துகளுக்கிடையே சற்று இடம் விடுங்கள். ஒளி பரவும்போது கோடுகள் தாமே தடித்துத் தெரியும்.

கேள்வி: மணலளவு எல்.இ.டி.யில் கம்பியை எப்படிப் பற்றவைப்பது?

0402 அளவு எல்.இ.டி. 1 மி.மீ. நீளமும் அரை மி.மீ. அகலமும்தான். மரத்துண்டில் இருபக்கம் ஒட்டும் நாடாவை ஒட்டி, எல்.இ.டி.யைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். கம்பிக்கு எனாமல் பூசிய 0.1 மி.மீ. செப்புக் கம்பி போதும். பழைய சிறு ரிலேயின் சுருளை அவிழ்த்தால் ஆயுளுக்கும் போதுமான கம்பி கிடைக்கும். சால்டரிங் அயர்னை 380 முதல் 400 டிகிரி வரை சூடாக்கி, நுனியில் ஒரு சொட்டு ஈயம் உருக்கி, அதற்குள் கம்பி முனையைச் சில நொடி வைத்தால் எனாமல் எரிந்து ஈயமும் பிடித்துக்கொள்ளும். பிறகு சூட்டை 320 டிகிரிக்குக் குறைத்து, எல்.இ.டி.யின் முனையில் ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் தடவி, ஈயம் பூசிய கம்பியைச் சாமணத்தால் பிடித்து வைத்து, அயர்னால் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். இரண்டு நொடி ஆனால் எல்.இ.டி. போய்விடும். எது நேர்முனை, எது எதிர்முனை என்பதை அதன் மேலுள்ள பச்சைக் குறியை நம்பி முடிவு செய்யாமல், மல்டிமீட்டரின் டயோடு நிலையில் வைத்து எரியவிட்டுப் பாருங்கள். முதல் பத்தில் ஆறு வீணாகும். இருபதாவதைத் தாண்டியபின் கை பழகிவிடும்.

கேள்வி: வண்டி ஓடும்போது விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. என்ன காரணம்?

சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தூசி, துரு, ஈரம் எது வந்தாலும் தொடர்பு நொடிப்பொழுது அறுபடும். ரெக்டிஃபையருக்குப் பின்னால், மின்சாரத்தைச் சிறிது சேமித்துவைக்கும் 470 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால், மொத்தம் 6 மில்லி ஆம்பியர் எடுக்கும் விளக்குகளை அது ஏறத்தாழ கால் நொடிக்குமேல் தாங்கும். பெரும்பாலான சிமிட்டல் அதற்குள் அடங்கிவிடும். டி.சி.சி. முறையில், அதாவது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி, வண்டியை ஓட்டுவோர் கெப்பாசிட்டருக்கு முன் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, தொடக்கத்தில் அது மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கெப்பாசிட்டரின் முனைகளை மாற்றி இணைக்காதீர்கள். ஒருமுறை நான் அவ்வாறு இணைத்துவிட்டு, அது வெடித்ததில் மூன்று வாரம் உழைத்த கூரையை இழந்தேன். கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

கேள்வி: ஒளிநார் பயன்படுத்தலாமா?

ஒளிநார் என்பது ஒரு முனையில் விழும் ஒளியை மறுமுனைக்குக் கடத்தும் மெல்லிய இழை. எல்.இ.டி.யே நுழையாத இடங்களுக்கு அதுவே வழி. திருவிழாக் கடைகளில் விற்கும் நார்விளக்கைப் பிரித்தால் மெல்லிய நார்கள் நிறையக் கிடைக்கும். சூடான அயர்னைத் தொடாமல் அருகில் மட்டும் காட்டினால் நாரின் முனை காளான் போல விரிந்து சிறிய வில்லையாகும். வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சயனோ பசை பட்ட நார் சில நாளில் ஒடிந்துவிடும்.

கேள்வி: பொருள்களை எங்கே வாங்குவது?

எல்.இ.டி., ரெசிஸ்டர், ரெக்டிஃபையர் ஆகியவற்றுக்கு ரிச்சி தெரு. ஃபிலிம் தாள், டிரேசிங் பேப்பர் ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். இரசாயனங்களுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. இழைவாள், சிறிய அரம், சாமணம் போன்றவற்றைச் சௌகார்பேட்டையில் நகைத் தொழிலுக்கு விற்கும் கடைகளில் வாங்குங்கள். பொழுதுபோக்குக் கருவி என்ற பெயரில் பெட்டியில் வருபவற்றைவிட அவை உழைக்கும்.

கேள்வி: கடலோரத்தில் குடியிருப்பதால் பாகங்கள் கெடுமா?

கெடும். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே அரிக்கிறது, 0.1 மி.மீ. செப்புக் கம்பி அதற்கு எம்மாத்திரம்? பற்றவைத்த இடத்தில் மிஞ்சிய ஃபிளக்ஸ் ஈரத்தை இழுத்துப் பச்சைக் களிம்பாக மாறி, ஓராண்டுக்குள் கம்பியைத் தின்றுவிடும். ஒவ்வோர் இணைப்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த தூரிகையால் கழுவி, உலர்ந்ததும் தெளிந்த வார்னிஷை மெல்லியதாகப் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தின்னர் கலந்த வர்ணம் அடித்தால் வெண்படலம் பூக்கும். அந்த மாதங்களை நான் பற்றவைக்கும் வேலைக்கும் அரம் போடும் வேலைக்கும் ஒதுக்கிவிட்டு, வர்ண வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன்.

கேள்வி: வீட்டிலேயே பித்தளைத் தகட்டை அரித்து நுண்பாகங்கள் எடுப்பது பாதுகாப்பானதா?

ஃபெரிக் குளோரைடு கரைசலில் பித்தளையை அரிக்கலாம். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம், சமையலறையிலிருந்து தனியே வைத்த பிளாஸ்டிக் தட்டு ஆகியவை கட்டாயம். நான் மன்றாடிக் கேட்பது இதன்பின் வருவதைப் பற்றித்தான். பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கிறது; அதைக் கழிவுநீரில் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே வடசென்னையின் கால்வாய்களும் கழிமுகமும் சுமக்கும் நஞ்சு போதும். துணி துவைக்கும் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரைத்தெழுந்து உலோகம் சேறாகப் படியும். அச்சேற்றை உலர்த்தி, மூடிய பெட்டியில் அடைத்து, அபாயக் கழிவு என்று எழுதி, வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். ரெசின் கழுவிய ஆல்கஹாலுக்கும் இதே கவனம் தேவை. அதை வெயிலில் வைத்து ரெசினை இறுகவிட்டு வடிகட்டினால் மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கு அருகில் வைக்கக்கூடாது.

கேள்வி: முடித்த பாகத்தை எப்படிச் சோதிப்பது?

12 வோல்ட் அடாப்டரில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, சூடு, மங்கல், வர்ணமாற்றம் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். 230 வோல்ட்டோடு நேரடியாக எந்தச் சோதனையும் வேண்டாம். அதன்பின் பாகங்களை வண்டியில் பொருத்தி, கூரையைக் கழற்றி மாட்டும்படி இரண்டு முனைச் சிறு இணைப்பான் வைத்து, இரவு வரை காத்திருங்கள். அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்து, கைப்பேசித் திரையையும் கவிழ்த்துவைத்து, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அதற்குப் பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். முகப்பு விளக்கு தண்டவாளத்தில் ஒரு சாண் தூரம் விழுகிறதா, கூரை விளிம்பில் வெள்ளிக்கோடு தெரிகிறதா, பலகையின் கடைசி எழுத்து முதல் எழுத்தைப் போலவே தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசியாக, ஓட்டுநர் நிற்கும் மேடையைப் பாருங்கள். கூடத்து விளக்கு பின்னாலிருந்து பட்டு, அவருடைய தோளின் நிழல் முன்கண்ணாடியில் விழுமானால் அந்த வண்டியில் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள்.